ஓலையேடும் ஒலியேடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சமயநல்லூரை அடுத்துள்ள தேனூர் சிற்றூரே ஆயினும் பெயரால் பழமையுடையது. மருதத்திணை பாடிய ஓரம்போகியார் ஐங்குறுநூற்றில் தேனூரைக் குறிப்பிடுகின்றார். அவ்வூர் இவ்வூரே என்று கொள்வார் பலர். அந்த ஐங்குறுநூற்றை உ.வே. சாமிநாதையர் 1903ஆம் ஆண்டு பதிப்பித்து வெளியிட்டார். ஐந்நூறு பாடல் கொண்ட அந்நூலில் அம்மூவனாரின் நெய்தல் பகுதியைச் சேர்ந்த 129, 130 ஆகிய இரு பாடல்களும் கிடைத்திலை. ஐயர் நினைத்திருந்தால் அவற்றின் முன்னும் பின்னும் உள்ள பாடல்களின் போக்கைக் கொண்டு இரண்டு பாடல்களை இயற்றி அங்கே வைத்திருக்கலாம். மூன்றடி, நான்கடிப் பாடல்கள்தாமே! அவர் அவ்வாறு செய்யவில்லை. இல்லாததை இல்லை என்றே அச்சிட்டார். பதிப்பு என்னும் பணியின் அறம் முழுவதும் அந்த வெற்றிடத்தில் அடங்கியிருக்கின்றது.

இவ்வளவு தொன்மையான செய்தியை, டிஸ்கோ காலத்துத் திரைப்பட இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதும் கணிப்பொறியின் துணையால் அவற்றின் ஒலியைச் செப்பனிடுவதும் பற்றிய உரையின் முகப்பில் வைப்பது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். சங்கப் பாடலும் திருமுறையும் புதுக்கவிதையும் பேசப்பட்ட மன்றத்தில் டிஸ்கோவுக்கு என்ன இடம் என்று வினவுவார் வினவட்டும். வினா முறையானதே. விடை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகின்றது. பிரெஞ்சு மொழியில் நூலகத்தைப் 'பிப்ளியோதேக்' என்பர். அதனை ஒட்டிப் பிறந்த சொல் 'டிஸ்கோதேக்'. இசைத்தட்டுகளின் நூலகம் என்பது அதன் பொருள். இசைக்குழு இன்றி இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஆடிய கூடங்களுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. கூடத்தின் பெயர் குறுகி இசையின் பெயராயிற்று. ஆட்டத்தின் பெயராக மட்டும் அறியப்பட்ட சொல்லுக்குள் ஒரு நூலகம் இருந்திருக்கின்றது.

அந்த நூலகம் தமிழகத்தில் எங்கே இருந்தது? பெருநகரங்களின் நடனக் கூடங்களில் இருந்ததைவிட ஊர்ப்புறத்து ஒலிபெருக்கி நிலையங்களில் மிகுதியாக இருந்தது. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி என ஊர்தோறும் 'மைக்செட்' வைத்திருந்தோர் இருந்தனர். காதணி விழாவானாலும் கலியாணமானாலும் மாரியம்மன் திருவிழாவானாலும், விடியற்காலையில் தென்னையின் உச்சியிலோ வேம்பின் கிளையிலோ கட்டிய கூம்புக் குழாய் பாடத் தொடங்கினால்தான் ஊருக்கு விழா வந்ததாகப் பொருள். முதலில் இறைவணக்கம், வெயில் ஏறிய பின் பழைய பாடல்கள், மாலையில் இளைஞர் கேட்கும் புதுப்பாடல்கள் என்று நேரத்துக்கு ஒரு திணை வகுத்தாற்போல் தட்டுகளை மாற்றினர். பரவை முனியம்மா போன்றோர் நாட்டார் பாடலைப் பாடி வளர்ந்த அதே நிலத்தின் காற்றில்தான் மின்னிசைக் கருவிகளின் ஒலியும் கலந்தது. நாற்றங்காலில் நின்ற பெண்களும் அதைக் கேட்டனர்.

கேட்டவை எவை என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1977இல் வெளிவந்த 'சாட்டர்டே நைட் பீவர்' என்னும் அமெரிக்கப் படத்தின் இசைத்தட்டு டிஸ்கோவை உலகெங்கும் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டே தமிழில் 'பிரியா' வந்தது. சுஜாதாவின் கதை, எஸ்.பி. முத்துராமன் இயக்கம், இளையராஜா இசை. இரு தட ஒலிப்பதிவில், அதாவது ஸ்டீரியோ முறையில், பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படமாக அது போற்றப்படுகின்றது. 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்'. அதில் கண்ணதாசனின் சொற்களுக்கு எம்.எஸ். விசுவநாதன் மேலைத் தாளம் அமைத்தார். 1980இல் அவருடைய இசையிலேயே 'பில்லா'. அதே ஆண்டில் இந்தியில் 'குர்பானி'. அதன் புகழ்பெற்ற டிஸ்கோ பாடலை அமைத்த பித்து பெங்களூரில் பிறந்து இங்கிலாந்தில் புகழெய்தியவர். 1982இல் இந்தியில் 'டிஸ்கோ டான்ஸர்', தமிழில் 'சகலகலா வல்லவன்'. பின்னதன் புத்தாண்டுப் பாடல் இன்றும் திசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவில் தமிழகத்தின் தெருக்களில் ஒலிப்பதை அனைவரும் அறிவர். 1986இல் வந்த 'விக்ரம்' மின்னணு இசையின் கைவண்ணத்தை மேலும் ஒரு படி உயர்த்திற்று. இப்பாடல்களுக்குச் சொல் தந்தோர் கண்ணதாசனும் வாலியும் வைரமுத்துவும் கங்கை அமரனும் பிறரும் ஆவர். தாளம் மேலைநாட்டினது ஆயினும் சொல் தமிழ்க் கவிஞர்களுடையது. ஆகவே இது கவிஞர்கள் காதுகொடுக்க வேண்டிய செய்தியும் ஆகின்றது.

இனி, அழிவு. ஏடுகள் அழிந்த கதையைத் தமிழுலகம் அறியும். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டவை எத்தனை, அடுப்பெரிக்கப்பட்டவை எத்தனை! கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகள் தீயில் இடப்பட்ட செய்தியைக் கேட்டு ஐயர் அடைந்த துயரை அவர் எழுத்தே கூறும். டிஸ்கோ இசைத்தட்டுகளுக்கும் அத்தகைய ஒரு தீ நாள் உண்டு. 1979ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில், பேஸ்பால் ஆட்டங்கள் இரண்டுக்கு இடையே, டிஸ்கோ தட்டுகளை ஒரு பெட்டியில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். அழிப்பதற்கு ஒரு தட்டைக் கொண்டு வந்தோர்க்கு நுழைவுக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே. கூட்டம் களத்துக்குள் பாய்ந்து, இரண்டாவது ஆட்டமே கைவிடப்பட்டது. அந்தச் சினத்துக்குள் கறுப்பின மக்களின் இசை மீதான காழ்ப்பும் மறைந்திருந்தது என்று பின்னர் வந்த திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர்.

தமிழகத்தில் வெடி வைத்தாரில்லை, புறக்கணிப்பே போதுமானதாயிற்று. எண்பதுகளில் ஒலிநாடா வந்தது. கடைத்தெருவெங்கும் 'ரெக்கார்டிங் சென்டர்'கள் தோன்றின. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், தட்டிலிருந்து நாடாவில் பதிந்து தந்தனர். தட்டு கடையில் தங்கிற்று. பாடல் வீட்டுக்குச் சென்றது. பின்னர்க் குறுவட்டு வந்தது. அதனையும் விழுங்கிக் கைப்பேசி வந்தது. தட்டுகள் பரணுக்கு ஏறின. பரணிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு இறங்கின. பழைய நூல்களுக்கும் தட்டுகளுக்கும் பெயர்பெற்ற சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போனது. இவ்வளவுக்கும் பிறகு எஞ்சியவற்றைத்தான் இன்று சேகரிப்போர் தேடுகின்றனர்.

சட்டமும் இங்கே துணைக்கு வரவில்லை. இந்தியாவில் வெளியாகும் நூலின் படி குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும் என 1954ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது; 1956இல் செய்தித்தாள்களும் அதில் சேர்க்கப்பட்டன. இசைத்தட்டுக்கு அவ்விதி இல்லை. ஒரு கவிதை நூல் எவ்வளவு சிறியதாயினும் அரசு நூலகத்தில் ஒரு படி இருக்க வழியுண்டு. ஊரெல்லாம் ஒலித்த இசைத்தட்டுக்கு அவ்வழி இல்லை. ஆதலின் இத்துறையில் காப்பாளர்கள் தனிமனிதர்களே. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்து, அவற்றைப் பற்றி எழுதியும் வந்தவர். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வீட்டையே நூலகமாக்கினார். 1992இல் அவர் மறைந்த பின், 1994இல் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் கழகம் 1990இல் தோன்றியது. இவர்கள் யாவரும் ஐயர் நடந்த வழியில், ஊர் ஊராக அலைந்து, பரண் பரணாக ஏறியவர்களின் மரபினரே.

சேகரித்தல் முதற்படி. செப்பனிடுதல் அடுத்த படி. இதன் நுட்பத்தை எளிய சொற்களில் கூறலாம்.

பழைய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அரக்கு இந்தியக் காடுகளில் விளைவது. உலகம் முழுதும் பாடிய தட்டுகளுக்குள் இந்நாட்டுப் பூச்சியின் உழைப்பு இருந்தது. டிஸ்கோ காலத்துத் தட்டுகளோ வினைல் என்னும் நெகிழியால் ஆனவை. 12 அங்குலப் பெருந்தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றும் சற்று மிகையுமாகச் சுழல்வது. 7 அங்குலச் சிறுதட்டு 45 முறை சுழல்வது. திரைப்படப் பாடல்களைப் பெரிதும் தாங்கி நின்றது இச்சிறுதட்டே. ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் இரு பாடல்கள். தட்டின் வரிப்பள்ளத்துக்கு இரு சுவர்கள். ஸ்டீரியோ தட்டில் ஒரு சுவர் இடச்செவிக்கும் மறுசுவர் வலச்செவிக்கும் உரியன.

செப்பனிடும் பணி கணிப்பொறியில் தொடங்குவதில்லை, நீரில் தொடங்குகின்றது. காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்பு சிறிது கலந்து, வரியின் போக்கிலேயே மெல்லிய தூரிகையால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். அரக்குத் தட்டாயின் சாராயம் கலந்த எதுவும் படலாகாது, அரக்கு கரைந்துவிடும். அடுத்தது ஊசி. திருவிழாக்களில் தேய்ந்த ஊசி நூறு முறை உழுத பள்ளத்திலும், அவ்வூசி தொடாத ஆழமோ விளிம்போ எஞ்சியிருக்கும். வேறு வடிவுள்ள ஊசியை வைத்தால் அது பழுதுபடாத இடத்தைத் தொட்டுப் பாடும். ஏட்டில் எழுத்து மங்கியபோது மஞ்சளும் கோவையிலைச் சாறும் பூசிப் படித்த முன்னோரின் கைத்திறனுக்கு இது தம்பி முறை.

பின்னர் ஒலி எண்களாக மாற்றப்படுகின்றது. குறுவட்டுக்கு நொடிக்கு 44,100 முறை ஒலியலையை அளந்தனர். ஆவணமாக்குவோர் 96,000 முறை அளப்பதை விரும்புவர். ஒரு சிறுதட்டின் நான்கு பாடல்கள், ஏறத்தாழ 14 நிமிடங்கள், அம்முறையில் 480 மெகாபைட் அளவுக்கு இடம் கொள்ளும். சுழலும் வேகமும் நேராக இருத்தல் வேண்டும். வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்துவிடும். பாடகரின் குரலே வேறொருவர் குரலாகிவிடும்.

இதன் பிறகே செப்பம். தட்டில் ஒரு கீறல் இருப்பின், 45 சுற்றுத் தட்டில் அது ஒன்றேகால் நொடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் மீண்டும் மீண்டும் 'டிக்' என்று ஒலிக்கும். அந்த நுண்ணிய நேரத்துண்டை நீக்கி, இருபுறத்து ஒலியலைகளையும் நோக்கி இடையை நிரப்ப வல்ல மென்பொருள்கள் உள்ளன. பாடல் தொடங்குமுன் உள்ள வெறும் பள்ளத்தின் இரைச்சலை மாதிரியாகக் கொண்டு, பாடல் முழுவதிலும் அவ்விரைச்சலைக் கழிக்கவும் இயலும்.

டிஸ்கோவின் இடர் இங்கேதான் எழுகின்றது. டிஸ்கோ தாளத்தின் உயிர் கூர்மை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள்; அடிதோறும் பெருமுரசு; இடையே கைத்தட்டல், இலைத்தாளத்தின் சிணுங்கல், மின்னிசைக் கருவியின் வெட்டொலி. கணிப்பொறிக்குக் கீறலின் கூர்மையும் கைத்தட்டலின் கூர்மையும் ஒன்றுபோல் தோன்றும். பொறுப்பைக் கருவியிடமே விட்டுவிட்டால் கீறலோடு கைத்தட்டலும் போகும். இரைச்சலை அளவுக்கு மேல் கழித்தாலோ குரல் நீருக்குள்ளிருந்து வருவது போலாகும், மூச்சொலி மறையும், வல்லின மெய்களின் வெடிப்பு மழுங்கும், சகரம் தேயும். தூய்மை என்ற பெயரில் சொல்லே சிதையும். கவிஞன் மோனைக்காக வைத்த வல்லெழுத்தைக் கருவி குப்பையென்று கருதிக் கூட்டித் தள்ளும்.

இதனைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு முன்னரே கண்டிருக்கின்றது. ஏட்டில் உள்ளதைப் புரியவில்லை என்பதற்காகத் திருத்தியோரும் உண்டு. புரியாவிடினும் உள்ளவாறே காத்து, வேறு பாடங்களை அடிக்குறிப்பில் தந்தோரும் உண்டு. பின்னவரையே காலம் நன்றியுடன் நினைக்கின்றது. ஒலியேட்டுக்கும் அதே நெறி பொருந்தும். திருத்தாத மூலப்பதிவு ஒன்றைத் தனியே காத்தல் வேண்டும். திருத்திய படியில் எவ்விடத்தில் என்ன செய்யப்பட்டது என்று எழுதி வைத்தல் வேண்டும். நுண்கீறலை நிரப்புவது ஓர் எழுத்தின் சிதைந்த காலை நேராக்குவது போன்றது; அது தகும். ஓர் அடி முழுதும் சிதைந்திருந்தால் அதே தட்டின் மற்றொரு படியைத் தேடி ஒப்பிட வேண்டும். மற்றொரு படி கிடைக்காவிடின், 129, 130 என்று எண்ணிட்டு வெற்றிடம் விட்ட துணிவே துணை.

ஒப்பிடுதல் என்றதும் மற்றொன்றும் கூறத்தக்கது. திரைப்பாடலுக்கு மூன்று மூலங்கள் உண்டு. தட்டில் உள்ளது ஒன்று. படத்தில் உள்ளது ஒன்று. கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் உள்ளது ஒன்று. தட்டில் இருக்கும் சரணம் படத்தில் வெட்டுப்பட்டிருக்கும். தணிக்கையில் ஒரு சொல் மாறியிருக்கும். பாட்டுப் புத்தகத்தில் அச்சுக்கோத்தவர் கைவரிசை காட்டியிருப்பார். இணையத்தில் இன்று உலவும் பாடல் வரிகளோ செவிவழிப் பிழைகள் மலிந்தவை. பாடவேறுபாடு என்பது சங்க நூலுக்கு மட்டும் உரியதன்று. நாற்பதாண்டுப் பழமையுள்ள பாடலுக்கும் அது நேர்ந்துவிட்டது. மேலும், தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாளில் படத்தின் பெயர், பாடியோர், இசையமைத்தவர், பாடலாசிரியர், தட்டின் எண் ஆகியவை அச்சாகியிருக்கும். சுவடியின் இறுதியில் எழுதியோன் பெயரும் காலமும் குறிக்கும் மரபு போன்றது அது. இன்றைய இணையப் பட்டியல்கள் பலவற்றில் முதலில் உதிர்ந்து போவது பாடலாசிரியர் பெயரே. தட்டைக் காப்பவர் கவிஞனின் கையொப்பத்தைக் காக்கின்றார்.

பிற நாட்டார் இதனை முன்னரே உணர்ந்துவிட்டனர். மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் மின்னிசைக் கருவிகளால் வாசித்து ஒரு பெருந்தட்டு வெளியிட்டார். அன்று அதனைப் பெரிதாகக் கவனித்தார் இலர். டச்சு நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் தில்லியில் அத்தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் அது மீண்டும் வெளியானது. மேலை நாட்டில் 'ஆசிட் ஹவுஸ்' என்னும் இசைவகை தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதன் சாயலில் அமைந்த பதிவு என்று உலகம் வியந்தது. கலைஞர் 2015இல் மறைவதற்குள் அப்புகழைக் கண்ணால் கண்டார். அவ்வாறே இங்கிலாந்தின் பைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 1977 முதல் 1983 வரையிலான இளையராஜாவின் மின்னிசைப் பாடல்களைத் திரட்டி 2011இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. தமிழறியாதார் ஒலியைக் கேட்டு மயங்கினர், மகிழ்ச்சியே. ஆயினும் அவர்கள் செவிக்குச் சொல் எட்டவில்லை. சொல்லைக் கேட்டு, இன்னார் எழுதியது, இப்பாடம் சரி, இப்பாடம் பிழை என்று கூறுதல் தமிழ் கற்றோர் கடன். அதனை வேறெவரும் செய்து தரமாட்டார்.

உரிமைச் சிக்கலையும் மறைத்தல் ஆகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1978இல் வெளியான தட்டுக்கு 2038ஆம் ஆண்டின் இறுதிவரை உரிமையாளர் உண்டு. செப்பனிட்டவர் தம் உழைப்பைக் காட்டி அதனை ஊருக்கு வழங்கவோ விற்கவோ இயலாது. எனினும், இலாப நோக்கமற்ற பொதுநூலகம் ஒன்று தன்னிடம் ஏற்கெனவே உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமித்து வைக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கின்றது. ஆகவே தனிமனிதர் பரணைவிடப் பொதுநூலகத்தின் அடுக்கே இத்தட்டுகளுக்குப் பாதுகாப்பான இல்லம். அறுபதாண்டு கழிந்து உரிமை விடுபடும் நாளில், பாடுவதற்குத் தட்டு எஞ்சியிருக்க வேண்டுமே!

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் மேற்கொள்ளத்தக்க பணி சிறியது. ஆனால் காலத்தோடு செய்ய வேண்டியது. சமயநல்லூர் சுற்றுவட்டாரத்தில் ஒலிபெருக்கி நிலையம் நடத்தியோரின் இல்லங்களில் இன்னும் மரப்பெட்டிகள் இருக்கக்கூடும். எடைக்குப் போகுமுன் அவற்றைக் கண்டு பட்டியலிடல் வேண்டும்: படத்தின் பெயர், தட்டின் எண், பாடலாசிரியர் பெயர், தட்டின் நிலை. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், நூலைப் போல் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுதல் வேண்டும். அவற்றைச் சுழற்றியவர்களின் நினைவுகளையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். எந்த விழாவில், எந்நேரத்தில், எப்பாடலை ஊர் திரும்பத் திரும்பக் கேட்டது என்பது எந்தத் தட்டிலும் பதிவாகவில்லை. அவர்கள் நெஞ்சில் மட்டும் பதிவாகியுள்ளது. அவர்களும் முதுமை எய்திவிட்டனர்.

டிஸ்கோ பாடல்கள் சங்கப் பாடல்களுக்கு இணையா என்னும் வினாவுக்கு இவ்வுரை விடை கூறவில்லை. அதனைப் பின்வருவோர் கூறட்டும். ஆயின் அவர்கள் கேட்டுப் பார்த்து அன்றோ கூற வேண்டும்? கேட்பதற்கு ஒரு தட்டும், அதன்மேல் ஒரு கவிஞனின் பெயரும் எஞ்சியிருக்கச் செய்தல் இத்தலைமுறையின் பொறுப்பு.